பழைய காரில் இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங் மாற்றுவது எப்படி: லீக்கைப் பிடிப்பது முதல் மறு இறுக்கம் வரை

ஏற்காட்டுக்கு ஏறும்போது வண்டி நன்றாகத்தான் போகிறது, இறங்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் சைலன்சர் பட் பட் என்று வெடிக்கிறது, அடிவாரம் செக்போஸ்டில் நின்றதும் இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. பழைய மாருதி 800 வைத்திருக்கும் யாராவது இப்படிச் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இன்டேக் மேனிஃபோல்டு பக்கம், அதாவது கார்புரேட்டரில் இருந்து கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பின் பக்கம், காற்று புகுவதைத்தான். அதற்கும் இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இடுக்கை அடைக்கும் மெல்லிய தகடுதான் பேக்கிங். ஏறும்போது த்ராட்டில் (ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று வழியைத் திறக்கும் தகடு) திறந்திருக்கும், மேனிஃபோல்டுக்குள் வேக்கம், அதாவது உறிஞ்சல், குறைவு, அதனால் சின்ன ஓட்டை இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. இறங்கும்போதும் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலையில்) நிற்கும்போதும் த்ராட்டில் மூடியிருக்கும், உள்ளே உறிஞ்சல் அதிகம், ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று போய்ப் பெட்ரோல் கலவை மெலிந்துவிடும்.

கீழே இருப்பது கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஐ மனதில் வைத்து எழுதியது. ஜென், ஆம்னி, எஸ்டீம் போன்றவற்றுக்கும் வரிசை இதுதான், நட்டுகளின் எண்ணிக்கையும் இடமும் மாறும். அம்பாசிடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் என்றால் கொஞ்சம் வேறு கதை. அதில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒரே பேக்கிங்கில் உட்கார்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தேதான் அவிழ்க்க வேண்டும்.

1. லீக் அங்கேதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

புதிதாகச் செய்கிறவர்களில் பாதிப் பேர் தவறுவது இங்கேதான். நல்ல பேக்கிங்கைக் கழற்றி, புதியதை மாட்டி, ஒரு நாள் வேலை பார்த்து முடித்த பிறகும் ஐடில் நிற்காது. காரணம், காற்று வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும்.

அதனால் மேனிஃபோல்டில் கை வைக்கும் முன் அதோடு சேர்ந்திருக்கும் எல்லா ரப்பரையும் பாருங்கள். டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் சின்ன வேக்கம் டியூப், வால்வ் கவரில் இருந்து வரும் டியூப், பிரேக் பூஸ்டர் (மேனிஃபோல்டின் உறிஞ்சலை வைத்துப் பிரேக் பெடலை லேசாக்கும் டப்பா) உள்ள மாடலாக இருந்தால் அதன் ஹோஸ். டியூபின் நுனியை லேசாக வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பூஸ்டர் ஹோஸின் மேல் துணி சுற்றிப் பிளேயரால் ஒரு நொடி அழுத்துங்கள். ஐடில் சரியாகிவிட்டால் குற்றவாளி பூஸ்டர் பக்கம். அப்படி இருந்தால் அந்த வண்டியை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள், பெடல் கல்லாகிவிடும்.

அடுத்து கார்புரேட்டரின் அடித்தட்டு. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூடு ஏறாமல் இருக்க ஒரு தடித்த இன்சுலேட்டர் இருக்கும், அதன் இரு பக்கமும் மெல்லிய பேக்கிங். இந்த நட்டுகள் தளர்ந்திருப்பது சர்வ சாதாரணம்.

இனி தண்ணீர்ச் சோதனை. இஸ்திரிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஐடிலில் ஓடும் இன்ஜினில் மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் கோட்டில் ஒவ்வொரு போர்ட்டாக (சிலிண்டருக்குக் கலவை நுழையும் துளை) மெதுவாகத் தெளியுங்கள். ஒரு இடத்தில் தண்ணீர் பட்டதும் ஐடில் ஓசை மாறி இரண்டு மூன்று நொடியில் பழையபடி ஆனால் லீக் அங்கேதான், தண்ணீர் ஓட்டையைக் கொஞ்ச நேரம் அடைத்திருக்கிறது. டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கமும் பிளக் வயர் பக்கமும் தெளித்துவிடாதீர்கள், அதனாலும் இன்ஜின் இடறும், நீங்கள் லீக் என்று நினைத்துக்கொள்வீர்கள். பட்டறைகளில் இதையே பெட்ரோலோ கார்ப் கிளீனரோ தெளித்துச் செய்வார்கள். சீக்கிரம் தெரியும், உண்மைதான், ஆனால் சூடான சைலன்சர் குழாயின் மேல் ஒரு துளி விழுந்தால் போனட்டுக்குள் தீ. நான் செய்வதில்லை.

வேக்கம் கேஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கடல் மட்டத்தில் ஆரோக்கியமான இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும் என்று எழுதியிருப்பார்கள். ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ ஒரு அங்குலம் குறையும். சேலம் சுமார் 900 அடி, ஏற்காடு ஊர் சுமார் 5000 அடி. ஆக சேலம் அஸ்தம்பட்டியில் 18 காட்டிய அதே இன்ஜின் ஏற்காடு ஏரிக்கரையில் 14 காட்டினால் அது நோய் இல்லை. இதைத் தெரியாமல் மேலே வைத்து அளந்து, கீழே எழுதிய எண்ணோடு ஒப்பிட்டு, லீக் என்று முடிவு கட்டி மேனிஃபோல்டைக் கழற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு அளவையும் ஒரே ஊரில் எடுங்கள்.

மூன்றாவது அடையாளம் பிளக். மூன்று சிலிண்டரின் பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். இரண்டு பழுப்பாகவும் ஒன்று மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாகவும் இருந்தால், அந்த வெள்ளைப் பிளக்குக்கு நேரான போர்ட்டில் காற்று புகுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

2. கார்புரேட்டர் திருகுகளை இப்போது தொடாதீர்கள்

ஐடில் நிற்கவில்லை என்றதும் எல்லோருடைய கையும் ஐடில் திருகுக்குத்தான் போகும். திருகினால் வண்டி நிற்கவும் செய்யும். ஆனால் லீக்கை மறைக்கத் திருகிய திருகு அது, நாளை பேக்கிங் மாற்றியதும் இன்ஜின் அலறும், பெட்ரோலும் குடிக்கும். லீக்கை அடைத்த பிறகுதான் டியூனிங். உங்களுக்கு முன்னால் யாரோ திருகியிருந்தால் அதைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

3. அவிழ்க்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பேக்கிங்கை முந்தின நாளே வாங்கி, பிரித்துப் பாருங்கள். மேனிஃபோல்டு பேக்கிங் மட்டும் போதாது, கார்புரேட்டர் அடித்தட்டுப் பேக்கிங்கும் வேண்டும். ஸ்பேர் கடையில் வண்டியின் வருடத்தையும் கார்புரேட்டரா எம்பிஎஃப்ஐயா (பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும் வகை) என்பதையும் சொல்லி வாங்குங்கள், "800 பேக்கிங்" என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வருகிறதோ அதைக் கொடுப்பார்கள். நீங்கள் மலை மேல் இருப்பவர் என்றால் இது இன்னும் முக்கியம். வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு நட்டுக்காக 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி ஏறியவன் நான்.

மற்றவை: 10, 12, 14 அளவு பாக்ஸ் ஸ்பேனர், ரிங் பானா, நீள எக்ஸ்டென்ஷன், மடங்கும் ஜாயின்ட், துருவுக்கு அடிக்கும் ஆயில், ஒரு சின்னக் கண்ணாடி, கம்பியில் காந்தம், பிளாஸ்டிக் அல்லது மூங்கில் சுரண்டி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), நேரான ஸ்டீல் ஸ்கேல், வாய் அகலமான இரண்டு பாத்திரம், புதுக் கூலண்ட், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் பானா). ஹோஸ் கிளாம்ப் நான்கைந்து சேர்த்து வாங்கி வையுங்கள், பழையதைக் கழற்றினால் திரும்ப இறுகாது. பக்கத்தில் ஒரு பக்கெட் மணல்.

முதல் முறை என்றால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஒரு போல்ட் உடைந்தால் கடையும் இருக்காது, லேத்தும் இருக்காது.

4. சமதளம், ஆறிய இன்ஜின்

இரவே வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்குங்கள். கை சுடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஹெட் அலுமினியம், சூட்டில் அவிழ்த்தால் மரை பிய்ந்து வர வாய்ப்பு அதிகம், மேனிஃபோல்டும் கோணலாகலாம்.

கீழ் வரிசை நட்டுகளுக்குச் சில நேரம் அடியில் படுக்க வேண்டியிருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக்கை ஸ்டாண்டு ஆக்காதீர்கள், அது நொறுங்கும்போது முன்கூட்டிச் சொல்லாது. ஏற்காட்டில் சமதளம் தேடுவதே பெரும்பாடு, கிடைக்கும் இடத்தில் பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை போடுங்கள்.

5. பேட்டரி, பெட்ரோல், கூலண்ட், இந்த வரிசையில்

பேட்டரி நெகட்டிவ் முதலில். அடுத்து பெட்ரோல் டியூபைக் கழற்றப் போகிறீர்கள், சொட்டும், அந்த நேரத்தில் எங்கும் ஒரு பொறி வரக் கூடாது. டியூபைக் கழற்றியதும் அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளாம்ப் போடுங்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில் மட்டும் இதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு: பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து அதுவாக நிற்கும் வரை ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் லைனில் இருக்கும் பிரஷர் முகத்தில் அடிக்கும். அப்புறம் பேட்டரி.

கூலண்ட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தச் சுசுகி இன்ஜின்களில் மேனிஃபோல்டு வழியாகவும் கூலண்ட் ஓடும், பேக்கிங்கில் காற்றுப் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் ஓட்டையும் இருக்கும். வடிக்காமல் மேனிஃபோல்டைத் தளர்த்தினால் தண்ணீர் நேராகப் போர்ட்டுக்குள் போகும், அந்த நேரம் வால்வ் திறந்திருந்தால் சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் நிரம்பிய சிலிண்டரை ஸ்டார்ட்டர் அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையலாம். ரேடியேட்டர் மூடியை ஆறிய பிறகே திறவுங்கள், அடியில் இருக்கும் வடிகுழாய் திருகைத் திறந்து பாத்திரத்தில் பிடியுங்கள். திருகு அசையாவிட்டால் கீழ் ஹோஸைக் கழற்றலாம். வடித்த கூலண்ட்டைத் திறந்து வைக்காதீர்கள், இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துவிடும்.

6. எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்

நான்கு கோணத்தில் செல்போன் படம். அதோடு ஒவ்வொரு வேக்கம் டியூபிலும் வெள்ளை டேப் ஒட்டி எண் போடுங்கள், அது போகும் குழாய் மூக்கிலும் அதே எண். படம் மட்டும் போதாதா என்றால் போதாது, இருட்டில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போகும் மூன்று கறுப்பு டியூபை எந்தப் படத்திலும் பிரித்தறிய முடியாது.

நட்டு போல்ட்டுக்கு என் வழி அட்டைப்பெட்டி. மூடியில் மேனிஃபோல்டின் படத்தைத் தோராயமாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளம் வேறு வேறாக இருக்கும். நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் போட்டால் அது அடியில் முட்டி நிற்கும், இறுகியது போலத் தெரியும், பேக்கிங் அழுந்தியே இருக்காது.

7. மேனிஃபோல்டை எடுப்பது

ஏர் கிளீனர் டப்பாவை முதலில் எடுங்கள். எடுத்ததும் கார்புரேட்டர் வாயை ஒரு துணியால் மூடுங்கள், இன்றைக்கு உள்ளே எதுவும் விழக் கூடாத முதல் வாய் அது. பிறகு ஆக்சிலேட்டர் கேபிள், சோக் கேபிள், டியூபுகள், தண்ணீர் ஹோஸ், ஒயர் கனெக்டர்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் பிடித்து இழுக்காமல் முறுக்கிப் பாருங்கள், மூக்குக் குழாய் உடைந்தால் வேலை இரண்டு நாளாகும்.

கார்புரேட்டரை மேனிஃபோல்டோடு சேர்த்தே எடுக்கலாமா என்று கேட்பார்கள். எடுக்கலாம், பட்டறைகளில் அப்படியே எடுப்பவர்கள் உண்டு. புதியவர்கள் கார்புரேட்டரைத் தனியாகக் கழற்றிவிடுங்கள், கீழ் நட்டுகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். எப்படியும் அதன் பேக்கிங்கையும் மாற்றத்தான் போகிறோம்.

நட்டுகளுக்கு முந்தின இரவே துரு ஆயில் அடித்திருந்தால் நல்லது. அவிழ்க்கும்போது ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள், முதல் சுற்றில் எல்லாவற்றையும் கால் திருப்பு மட்டும். ஒரு நட்டு கிறீச்சென்று கத்தினால் திரும்ப இறுக்கி, ஆயில் விட்டு, மறுபடி அவிழுங்கள். பொறுமை போய் ஒரேயடியாக இழுத்தால் ஸ்டட் (ஹெட்டில் இருந்து நீட்டி நிற்கும், நட்டு ஏறும் மரைக் கம்பி) முறியும்.

எல்லா நட்டும் வந்த பிறகும் மேனிஃபோல்டு அசையவில்லையா? ஒரு நட்டு பாக்கி இருக்கிறது. என் அக்கா மகன் முதல் தடவை செய்தபோது, "எல்லாம் கழட்டிட்டேன் மாமா, ஒட்டிக்கிச்சு" என்று சொல்லித் திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பிக்கொண்டிருந்தான். கண்ணாடியைக் கீழே நீட்டிப் பார்த்தால் மேனிஃபோல்டைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் முழுசாக மாட்டியபடியே இருக்கிறது. போல்ட்டை எடுத்ததும் மேனிஃபோல்டு கையோடு வந்துவிட்டது, ஆனால் அவன் நெம்பிய இடத்தில் ஹெட்டின் முகத்தில் நகக் கீறல் போல ஒரு கோடு. அந்தக் கோட்டைச் சரி செய்ய ஆன நேரம் மற்ற வேலை முழுவதுக்கும் ஆன நேரத்தைவிட அதிகம். நெம்பாதீர்கள். நிஜமாகவே பேக்கிங் ஒட்டியிருந்தால் மரச் சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் விட்டுவிடும்.

விடும் நொடியில் ஹெட்டுக்குள் மிச்சம் இருக்கும் தண்ணீர் வழியும். துணியோடு தயாராக இருங்கள்.

8. முகத்தைச் சுத்தம் செய்வது

உண்மையான வேலையே இதுதான். புதுப் பேக்கிங் திரும்ப லீக் ஆனால் பேக்கிங்கைக் குறை சொல்வார்கள், பத்தில் ஒன்பது தடவை பழைய பேக்கிங்கின் தோல் ஹெட்டில் ஒட்டியிருந்திருக்கும். பேக்கிங் ஒரு தாள் கனம், அதன் அடியில் ஒரு துணுக்கு கிடந்தால் அந்தத் துணுக்குக்கு இரு பக்கமும் காற்று போக வழி.

முதலில் மூன்று போர்ட்டையும் தண்ணீர்த் துளைகளையும் சுத்தமான துணியால் அடையுங்கள். துணிகளை எண்ணிக்கொள்ளுங்கள், எண்ணைப் பேனாவால் அதே அட்டைப்பெட்டி மேல் எழுதுங்கள். இதைக் கேலி செய்த ஒருவர், மூன்று போட்டு இரண்டு எடுத்து, மேனிஃபோல்டை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஒரு சிலிண்டர் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை என்று மாலை வரை பிளக் மாற்றிக்கொண்டிருந்தார். நல்லவேளை, துணி வால்வுக்கு முன்னாலேயே சிக்கி நின்றிருந்தது. துணியின் வாலை வெளியே தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

சுரண்டுவதற்கு இரும்புத் தகடு வேண்டாம். அலுமினியம் மெத்தென்று இருக்கும், ஒரே இழுப்பில் பள்ளம் விழும். மூங்கில் துண்டைச் சீவிக்கொண்டு செய்வது எனக்குப் பழக்கம், மழுங்கினால் திரும்பச் சீவிக்கொள்ளலாம். காய்ந்துபோன தோல் வராவிட்டால் கார்ப் கிளீனரைத் துணியில் நனைத்து மேலே கால் மணி நேரம் வைத்திருங்கள், இன்ஜின் ஆறியிருக்கிறது என்பதால் இங்கே பயம் இல்லை. எமரி பேப்பரையும் டிரில்லில் மாட்டும் நார் வட்டையும் ஹெட்டில் பயன்படுத்த வேண்டாம். அதில் இருந்து உதிரும் மணல் கண்ணுக்குத் தெரியாது, சிலிண்டருக்கும் பேரிங்குக்கும் தெரியும்.

இந்த நேரத்தில் தண்ணீர்த் துளையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். நம்ம பக்கத்து போர் தண்ணீர் உப்பு. கூலண்ட் இல்லாமல் வருடக்கணக்காகப் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் துளையைச் சுற்றி அலுமினியம் எலி கடித்த ரொட்டி போல அரித்திருக்கும், வெள்ளைப் பொடி உதிரும். அரிப்பு பேக்கிங் உட்காரும் அகலத்தில் பாதிக்கு மேல் போயிருந்தால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது, லேத்தில் அலுமினிய வெல்டிங் வைத்துச் சீவ வேண்டும். லேசான குழிகள் என்றால் பத்தாவது படியில் வழி சொல்கிறேன்.

ஒருவேளை வாஷரோ நட்டோ போர்ட்டுக்குள் விழுந்துவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். இன்ஜினை ஒரு துளிகூடச் சுற்றாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்து, காந்தக் கம்பி விட்டு எடுங்கள். அலுமினிய வாஷர் என்றால் காந்தத்துக்கு வராது, கம்பி நுனியில் கிரீஸ் தடவி ஒட்டி எடுக்கலாம்.

9. மட்டம் பார்ப்பது

மேனிஃபோல்டைத் திருப்பி, ஸ்டீல் ஸ்கேலை அதன் முகத்தில் நெடுக்காகவும் இரு மூலைக்குக் குறுக்காகவும் நிறுத்தி வையுங்கள், அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.10 மி.மீ. தகடு எங்காவது நுழைந்தால் மேனிஃபோல்டு வளைந்திருக்கிறது. ஹெட் முகத்திலும் இதே சோதனை. ஒருமுறையாவது ஓவர்ஹீட் ஆன வண்டியாக இருந்தால் இந்தப் படியைத் தாண்டவே தாண்டாதீர்கள்.

வளைந்த மேனிஃபோல்டைப் போல்ட் இறுக்கி நேராக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. இறுக்கினால் நேராகும், முதல் நாள் லீக் இருக்காது, பத்து தடவை சூடாகி ஆறியதும் பழைய குருடி கதவைத் திறடி. லேத் பட்டறையில் ஃபேஸிங் போடச் சொல்லுங்கள், சின்ன வேலைதான். சீவியதும் பொடி போகும்படி உள்ளே கழுவி ஊதிவிட்டு வாங்குங்கள்.

10. புதுப் பேக்கிங் வைத்து இறுக்குவது

மாட்டும் முன் பேக்கிங்கை வெறும் கையால் ஹெட் மேல் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டையும் நேராக இருக்கிறதா? தலைகீழாகப் பிடித்தாலும் ஸ்டட் துளைகள் சில சமயம் பொருந்திவிடும், ஆனால் தண்ணீர்த் துளை அடைபட்டுவிடும்.

ஷெல்லாக், சிலிக்கான் எதுவும் வேண்டாம், பேக்கிங் காய்ந்த முகத்தில் காய்ந்தே உட்காரட்டும். பட்டறையில் தடவித்தானே ஒட்டுகிறார்கள் என்பீர்கள். சிலிக்கான் பெட்ரோல் பட்டால் ஊறி உரியும், போர்ட் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பிசிறு உள்ளே உறிஞ்சப்படும். தண்ணீர்த் துளையைச் சுற்றி லேசான குழி இருந்தால் மட்டும் அந்தக் குழியில் விரல் நுனியால் ஒரு படலம் தடவுங்கள், காற்றுப் போர்ட் பக்கம் போகாமல்.

துணிகளை எடுங்கள். எண்ணுங்கள்.

மேனிஃபோல்டை ஸ்டட்டில் நேராகத் தள்ளி, எல்லா நட்டையும் கையால் கடைசி வரை திருகுங்கள். கையால் வராத நட்டு மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம், பானா போட்டு வெல்ல நினைக்காதீர்கள். அப்புறம் நடுவில் இருக்கும் நட்டில் தொடங்கி, மேல் ஒன்று கீழ் ஒன்றாக ஓரத்தை நோக்கிப் போங்கள். அவிழ்த்த வரிசைக்கு இது நேர் எதிர். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் பேக்கிங் உப்பி நிற்கும், அது பிறகு அழுந்தாது. மூன்று சுற்று: முதலில் லேசாக, இரண்டாவது பாதி, மூன்றாவது முழு அளவு. தாங்கும் பிராக்கெட்டைக் கடைசியில் மாட்டுங்கள், முதலிலேயே இறுக்கினால் அது மேனிஃபோல்டை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கும்.

12 சாக்கெட் போகும் இந்த 8 மி.மீ. நட்டுகளுக்கு அளவு 18 முதல் 28 நியூட்டன் மீட்டர், நான் 23-இல் நிறுத்துவேன். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு எண் சொன்னால் அதையே கேளுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை வைத்துச் சமாளிக்கலாம்: நட்டின் மையத்தில் இருந்து சரியாக 20 செ.மீ. தள்ளிப் பானாவில் கொக்கியை மாட்டி, பானாவுக்குச் செங்குத்தாக இழுங்கள், தராசு 11.5 முதல் 12 கிலோ காட்டும் இடத்தில் 23 வந்துவிடும். கையால் இழுத்துப் பார்த்தால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். அந்த எண்ணம் வந்து இன்னும் கால் திருப்பு கொடுப்பவர்கள்தான் ஹெட்டில் மரையைப் பிடுங்குகிறவர்கள்.

11. திரும்ப மாட்டி, கூலண்ட் நிரப்பி, ஸ்டார்ட்

கார்புரேட்டர் அடித்தட்டு, கேபிள்கள், எண் பார்த்து டியூபுகள், புதுக் கிளாம்ப்கள். ஆக்சிலேட்டரை ஒரு ஆள் உள்ளே இருந்து முழுக்க மிதித்து விடட்டும், நீங்கள் வெளியே பாருங்கள், லிங்க் எங்காவது சிக்கிக்கொண்டு திரும்பாமல் நின்றால் இப்போதே தெரியட்டும், பதினெட்டாவது வளைவில் தெரிய வேண்டாம்.

கூலண்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் மேட்டில் இருந்தால் உள்ளே சிக்கிய காற்று சுலபமாக வெளியே வரும், மலையில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வசதி உண்டு. மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழி வரும், மட்டம் இறங்கும், திரும்ப ஊற்றுங்கள்.

மேனிஃபோல்டை எடுக்கும்போது போர்ட்டுக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், பிளக் மூன்றையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் ஒயரைப் பிரித்துவிட்டு, பெட்ரோல் டியூபைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பே பேட்டரி கொடுத்து நான்கைந்து நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், தண்ணீர் பிளக் துளை வழியே வந்துவிடும். பேட்டரியைத் திரும்பப் பிரித்துவிட்டு மற்றதை முடியுங்கள்.

பெட்ரோல் டியூப், கடைசியாகப் பேட்டரி. ஸ்டார்ட் ஆனதும் முதல் ஐந்து நிமிடம் பார்ப்பது பெட்ரோல் சொட்டுகிறதா, தண்ணீர் கசிகிறதா என்று மட்டும்தான். இன்ஜின் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள், அந்த நேரம் முழுவதும் பக்கத்திலேயே இருங்கள். பிறகு அதே ஸ்பிரே பாட்டிலை எடுத்து அதே கோட்டில் தெளியுங்கள். ஓசை மாறக் கூடாது.

12. ஐடிலும் மறு இறுக்கமும்

லீக் அடைபட்டதும் ஐடில் ஏறி நிற்பதுதான் வழக்கம், யாரோ எப்போதோ திருகி வைத்த திருகு இப்போது கூடுதலாகிவிட்டது. சூடான இன்ஜினில் ஐடில் திருகைக் குறைத்து, கலவைத் திருகை மெதுவாகத் திருப்பி இன்ஜின் சீராக ஓடும் இடத்தில் வையுங்கள், எத்தனை திருப்பு என்று எண்ணிக்கொண்டே. வண்டி எந்த ஊரில் ஓடுகிறதோ அந்த ஊரில் வைத்துச் செய்யுங்கள். ஏற்காட்டில் காற்று மெலிது, அங்கே கச்சிதமாக வைத்த கலவை சேலத்தில் மெலிந்து போகும், மே மாத வெயிலில் ஐந்து ரோடு சிக்னலில் இன்ஜின் கொதிக்கும்.

இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு, ஒரு காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது நட்டுகளை அதே வரிசையில், அதே 23-க்கு, ஒருமுறை சரிபாருங்கள். பேக்கிங் உட்கார்ந்ததில் ஒன்றிரண்டு நட்டு கால் திருப்பு வாங்கும், மற்றவை அசையாது. அதே காலை கூலண்ட் மட்டத்தையும் பார்த்து, டப்பாவில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த வாரம் வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் கோட்டுக்குக் கீழே போயிருந்தால், தண்ணீர்த் துளையில் இருந்து காற்றுப் போர்ட்டுக்குள் கசிகிறது, எட்டாவது படியில் பார்த்த அந்த அரிப்பைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.